கேட்டவளும் கேட்டவரும்: சாமுவேல் என்னும் பெயரைப் பற்றி

எங்கள் வீட்டில் புதிதாகப் பிறந்திருக்கும் பேரனுக்கு என் தகப்பனாரின் பெயரை வைத்திருக்கிறோம். காரைக்குடியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது இன்றும் மாறாத வழக்கம்; நகரத்தார் வீடுகளில் மூத்த பேரனுக்கு ஐயா பெயர்தான் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும், மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்கிறவர்கள் ஆகையால், அந்த வழக்கம் எங்களுக்கும் சொந்தமாகிவிட்டது. 'பேரன்' என்ற சொல்லே பாட்டனின் பெயரைத் தாங்குகிற 'பெயரன்' என்பதன் மருவுதானே. முறைப்படி என் பெயரைத்தான் இட்டிருக்க வேண்டும். என் பெயர் இருக்கட்டும், அப்பாவின் பெயரை வையுங்கள் என்று மகனிடமும் மருமகளிடமும் நான்தான் சொன்னேன். அப்பாவின் பெயர் சாமுவேல்.

ஞானஸ்நானத்துக்குக் கொடுப்பதற்காக வாங்கிய வெள்ளித் தம்ளரில் பேர் வெட்டுவதற்குப் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். செட்டிநாட்டில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது அரிது. கல்யாணச் சாமான்களில் கரண்டி வரைக்கும் குடும்பத்தின் முதலெழுத்து இருக்கும். பேர் வெட்டுகிறவர் தம்ளரின் விளிம்புக்குக் கீழே விரலால் இடம் அளந்துகொண்டு, சின்ன உளியைத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாகச் 'சா'வில் தொடங்கி, 'ல்' தலையில் கடைசிப் புள்ளி வைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம் முறைக்காகக் காத்திருந்த வயதான ஆச்சி ஒருவர், "வேலுன்னு முடியுதே தம்பி, குன்றக்குடி முருகன் பேரா?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, எங்கள் வேதத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பேர்" என்றேன். அர்த்தம் என்ன என்றார். சாமியிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்று சொல்வார்கள் என்றேன். "அப்படிச் சொல்லுங்க, எங்க வீட்டுப் பிச்சப்பன் மாதிரி" என்றார் ஆச்சி.

ஆச்சி சொன்னதில் ஆழமான பொருத்தம் இருக்கிறது. அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளிலும், வெகுகாலம் பிள்ளையில்லாமல் கோவில் கோவிலாகப் போய் வேண்டிக்கொண்ட வீடுகளிலும், பிறந்த பிள்ளைக்குப் 'பிச்சை' என்று பெயரிடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். தெய்வத்திடம் மடியேந்தி வாங்கிய பிள்ளை என்பது அதன் பொருள். எபிரெய மொழியிலும் அதே பொருளைத் தரும் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயர் சாமுவேல் அன்று, சவுல். தீர்க்கதரிசியாகிய சாமுவேலின் கையால் அபிஷேகம் பெற்று இஸ்ரவேலின் முதல் அரசனானவனும், பின்னர் அதே சாமுவேலால் தள்ளப்பட்டவனுமான சவுலின் பெயருக்குத்தான் 'கேட்கப்பட்டவன்' என்று பொருள். அப்படியானால் சாமுவேலின் தாய் அன்னாள் வேதத்தில் சொன்ன பொருள் ஏன் வேறொருவனுடைய பெயருக்குப் பொருந்துகிறது, சாமுவேல் என்ற பெயருக்கு உண்மையில் என்ன பொருள் என்பவை எனக்கு நெடுநாளாக உள்ள கேள்விகள். பேரனுக்கு இந்தப் பெயரைச் சூட்டிய இந்த வேளையில், நான் வாசித்தும் யோசித்தும் வந்ததை ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் கதை. சாமுவேலின் முதலாம் புத்தகம் எப்பிராயீம் மலைநாட்டில் வாழ்ந்த எல்க்கானா என்பவரின் வீட்டில் தொடங்குகிறது. அவருக்கு இரண்டு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் குடும்பம் சீலோ என்ற வழிபாட்டுத் தலத்துக்குப் போய்ப் பலியிடும்; பலியில் பங்கு பிரித்துக் கொடுக்கும் அந்த நாளில் பெனின்னாள் குத்திப் பேசுவதும், அன்னாள் சாப்பிடாமல் அழுவதும் ஆண்டுதோறும் நடக்கும். ஒரு முறை அன்னாள் எழுந்து போய், ஓர் ஆண் பிள்ளையைக் கொடுத்தால் அவன் உயிரோடிருக்கும் நாளெல்லாம் அவனைக் கர்த்தருக்கே கொடுத்துவிடுவேன், அவன் தலையில் சவரகன் கத்தி படாது என்று பொருத்தனை, அதாவது நேர்த்தி, பண்ணுகிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன. சத்தம் வெளியே வரவில்லை. வாசலருகே உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணி அதட்டுகிறார். பிறகு விவரம் தெரிந்து, நீ கேட்டதை இஸ்ரவேலின் தேவன் உனக்குக் கொடுப்பாராக என்று வாழ்த்தி அனுப்புகிறார். பிள்ளை பிறக்கிறது. எங்கள் வீட்டில் வாசிக்கும் பழைய திருப்புதலில், அதாவது வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்று சொல்லி அன்னாள் அவனுக்குச் சாமுவேல் என்று பேரிட்டாள் என்று இருக்கிறது. பால் மறந்ததும் அவனைச் சீலோவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறாள். அதன்பின் ஆண்டுக்கொரு தரம் பலியிடப் போகும்போது ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஓராண்டாகக் கண்ணால் பார்க்காத பிள்ளையின் அளவை அந்தத் தாய் எதை வைத்துக் கணித்திருப்பாள் என்ற எண்ணம் வராமல் அந்த வரியை என்னால் கடந்துபோக முடிந்ததில்லை.

இனி எழுத்துகளுக்கு வருவோம். அன்னாள் சொன்ன 'கேட்டேன்' என்பதற்கு எபிரெயத்தில் 'ஷாஅல்' என்ற வினைச்சொல் நிற்கிறது. வேண்டுதல், விண்ணப்பித்தல், வினவுதல் ஆகிய பொருள்களை உடைய அந்த வேரின் மூன்று மெய்கள் ஷீன், ஆலெஃப், லாமெத். முதல் அதிகாரத்தில் மட்டும் இந்த வேர் ஏழு முறை வருகிறது: ஏலியின் வாழ்த்தில் இரண்டு முறையும், பெயரிடும் இடத்தில் ஒரு முறையும், பிள்ளையைச் சீலோவில் ஒப்படைக்கும்போது அன்னாள் பேசும் பேச்சில் நான்கு முறையும். அந்தக் கடைசிப் பேச்சின் இறுதியில், இவன் கர்த்தருக்கென்று ஒப்புவிக்கப்பட்டவன் என்று அவள் சொல்லுமிடத்தில், எபிரெய மூலத்தில் 'ஷாஉல்' என்ற வடிவமே நிற்கிறது. சவுல் என்ற அரசனின் பெயரை எபிரெயத்தில் எழுதும் எழுத்துகள் எவையோ, அவையேதான், ஒன்றும் கூடாமலும் குறையாமலும், அங்கே இருக்கின்றன. மூலத்தை உரக்க வாசிக்கக் கேட்கும் யூதர் எவருக்கும் 'இவன் சவுல்' என்று காதில் விழாமல் இருக்காது. சாமுவேல் என்ற பெயரோ ஷீன், மேம், வாவ், ஆலெஃப், லாமெத் என்று எழுதப்படுகிறது. 'கேட்டல்' என்ற வேரில் மேம் என்ற மகர எழுத்துக்கு இடமே இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காக, 'ஏலிடமிருந்து, அதாவது தேவனிடமிருந்து, கேட்கப்பட்டவன்' என்ற பொருளுடைய ஒரு தொடர் சுருங்கிச் சாமுவேல் ஆயிற்று என்று விளக்கியவர்களும் உண்டு. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் இந்தப் பெயருக்குத் 'தேவனிடம் கேட்டுப் பெற்றவன்' என்றே பொருள் சொல்கிறார். அது கதையிலிருந்து எடுத்த பொருள். எழுத்துகள் அத்தனை தாராளமாகச் சுருங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சபைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு விளக்கம், 'தேவன் செவிகொடுத்தார்' என்பது. எபிரெயத்தில் செவியால் கேட்பதற்கு 'ஷாமா' என்ற வேறொரு வினை இருக்கிறது. இஸ்ரவேலே கேள் என்று தொடங்கும் உபாகமத்தின் அறிக்கை, யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் அந்த அறிக்கை, இந்தச் சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. இதில் ஷீனும் உண்டு, மேமும் உண்டு. ஆகவே முதல் விளக்கத்தைவிட இது நெருங்கி வருகிறது. ஆனால் அந்த வேரின் மூன்றாம் மெய் ஐன். தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓர் ஒலி. 'ஷாமா'விலிருந்து பிறந்த பெயர்கள் அதை விட்டுவிடுவதில்லை. ஆகாரின் மகன் இஸ்மவேலின் பெயர் 'தேவன் கேட்பார்' என்ற பொருளுடையது. அதில் ஐன் இருக்கிறது. லேயாள் தன் இரண்டாம் மகனுக்கு, கர்த்தர் என் நிலையைக் கேட்டறிந்தார் என்று சொல்லிச் சிமியோன் என்று பேரிட்டாள். அதிலும் ஐன் இருக்கிறது. சாமுவேலில் ஐன் இல்லை.

இங்கே தமிழ் வாசகர்களாகிய நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேண்டுவதும் 'கேட்பது'தான், செவியில் வாங்குவதும் 'கேட்பது'தான். அன்னாள் கேட்டாள், தேவன் கேட்டார் என்று ஒரே வினையை வைத்து நாம் முழுக் கதையையும் சொல்லிவிடலாம். போதாததற்கு, பெரியவர் பேச்சைக் கேள் என்று சொன்னால் அது கீழ்ப்படிதலும் ஆகிவிடுகிறது. எபிரெயத்தில் 'ஷாஅல்' ஒரு பக்கமும் 'ஷாமா' இன்னொரு பக்கமும் நின்று, இந்தப் பெயருக்கு எது வேர் என்று வழக்காடுகின்றன; தமிழில் வாசிக்கும்போது அந்த வழக்கு இருப்பதே தெரிவதில்லை. நம் மொழியின் இந்தச் செல்வம் கதையின் அழகைக் கூட்டுகிறது என்பது உண்மை. அதே நேரத்தில், பெயரின் பிறப்பை ஆராய்கிறவன் தமிழ் வாக்கியத்தை மட்டும் பற்றிக்கொண்டால், இரண்டு விளக்கங்களையும் ஒன்றென்று எண்ணி அங்கேயே நின்றுவிடுவான்.

வேறு எங்கே தேடுவது? அன்னாளின் மகனைத் தவிர வேறு சாமுவேல்களும் வேதத்தில் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. கானான் தேசத்தைப் பங்கிடுவதற்கு நியமிக்கப்பட்ட தலைவர்களின் பட்டியல் எண்ணாகமம் 34ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதில் சிமியோன் கோத்திரத்துக்கு அம்மியூதின் மகன் சாமுவேல். முதலாம் நாளாகமம் 7ஆம் அதிகாரத்தில் இசக்கார் கோத்திரத்தில் தோலாவின் மக்களுள் ஒருவர் பெயரும் எபிரெயத்தில் அதே எழுத்துகள்தாம். அவர்களுடைய தாய்மார் சீலோவில் அழுததாகவோ பொருத்தனை பண்ணியதாகவோ ஒரு வரியும் இல்லை. ஆகவே இது அன்னாள் புதிதாக உண்டாக்கிய பெயர் அன்று. அந்த நாட்டில் புழங்கிய பெயர்களுள் ஒன்று. புழக்கத்தில் இருந்த பெயருக்கு அதற்குரிய பொருள் முன்னமே இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பொருளை மேம் என்ற எழுத்தே காட்டுகிறது. ஷீனும் மேமும் சேர்ந்தால் எபிரெயத்தில் 'ஷெம்'. பெயர் என்று பொருள். கடைசி இரண்டு எழுத்துகள் 'ஏல்', அதாவது தேவன். இரண்டுக்கும் நடுவில் உள்ள உகரத்தைத்தான் அறிஞர்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். அது 'அவருடைய' என்னும் விகுதி என்று கொண்டால், 'அவருடைய பெயர் ஏல்' என்றாகும். எபிரெயத்தின் இன மொழிகளாகிய பழைய செமித்திய மொழிகளில் எழுவாய்ச் சொல்லின் ஈற்றில் நின்ற உகரம் பெயர்களில் மட்டும் தேயாமல் தங்கியது என்று கொண்டால், 'ஏலின் பெயர்' என்றாகும். ஆக்ஸ்ஃபோர்டில் எபிரெயப் பேராசிரியராக இருந்த எஸ். ஆர். டிரைவர், சாமுவேல் நூல்களின் எபிரெய மூலத்தைப் பற்றி 1890இல் வெளியிட்ட குறிப்புகளில், இரண்டாவதையே ஆதரிக்கிறார். யாக்கோபு விடியுமட்டும் போராடிய இடத்தின் பெயர் ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் ஒரு வசனத்தில் பெனியேல் என்றும் அடுத்த வசனத்திலேயே பெனூவேல் என்றும் வருகிறது. 'தேவனுடைய முகம்' என்பதே பொருள். அங்கே அந்த உகரத்துக்கு 'அவருடைய' என்ற பொருள் கிடையாது. அது வெறும் இணைப்பு ஒலியாகவே நிற்கிறது. மோசேயின் மாமனாருக்கு உள்ள பெயர்களுள் ஒன்றாகிய ரெகுவேலும் இதே அமைப்பு. இந்தச் சான்று எனக்கு வலுவானதாகப் படுகிறது.

பெயரின் வயதும் இதற்குத் துணை நிற்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் சட்டத் தொகுப்பால் புகழ்பெற்ற பாபிலோனின் ஹம்முராபிக்குப் பாட்டனாரின் பாட்டனார் சுமு-லா-ஏல் என்ற அரசர். அந்த அரச குலத்தில் இரண்டாமவர். அவர்கள் எமோரியர் என்ற செமித்திய இனத்தார். 'சுமு' என்பது 'ஷெம்' என்பதன் உறவுச் சொல். இறுதியில் அதே 'ஏல்'. தீர்க்கதரிசி சாமுவேல் கி.மு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் என்ற சொல்லையும் தெய்வத்தின் பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு இடுகிற வழக்கம் அந்த நிலப்பரப்பில் இருந்திருக்கிறது.

பெயர் என்ற சொல்லைப் பெயரில் ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு விடை உடனே தெரிந்துவிடும். பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நாம் சொல்வதில்லையா? பழைய பாபிலோனில் வழங்கிய அக்காதிய மொழியில் 'ஷுமு' என்ற சொல்லுக்குப் பெயர் என்ற பொருளோடு வாரிசு, சந்ததி என்ற பொருளும் உண்டு. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஷமாஷ்-ஷும்-உகின் என்ற அரசரின் பெயருக்கு, ஷமாஷ் தெய்வம் ஒரு பெயரை, அதாவது வாரிசை, நிலைநிறுத்தினார் என்று பொருள் கொள்வார்கள். வேதத்திலும் இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியைச் சகோதரன் மணந்து, முதற்பேறான பிள்ளையை இறந்தவன் பேரில் நிறுத்த வேண்டும், அவன் பேர் இஸ்ரவேலில் அற்றுப்போகக் கூடாது என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தாவீதின் மகன் அப்சலோம், தன் பேரை நினைக்கப்பண்ணத் தனக்குக் குமாரன் இல்லை என்று சொல்லித் தனக்கென்று ஒரு தூணை நிறுத்திக்கொண்டான். பிள்ளையில்லாத வீட்டில் பங்காளிகளுக்குள் பிள்ளை கூட்டி, அதாவது தத்தெடுத்து, கூட்டிய பிள்ளைக்கு வீட்டின் பெயரைக் கொடுத்து, புள்ளி என்று எண்ணப்படும் குடும்பம் அற்றுப்போகாமல் காக்கிற நகரத்தார் வழக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, உபாகமத்தின் அந்தக் கட்டளையில் அந்நியமானது எதுவும் இல்லை. 'ஏலின் பெயர்' என்பதை இந்த வெளிச்சத்தில் 'ஏல் தந்த சந்ததி' என்றும் விரித்துப் பார்க்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அதை முடிந்த முடிபாகச் சொல்ல நான் துணிய மாட்டேன். என்றாலும், பிள்ளையில்லாதவள் என்று குத்திக் காட்டப்பட்ட ஒரு பெண் தன் மகனுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பொருளில் மிகவும் பொருந்தி வருகிறது.

'ஏல்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செமித்திய மொழிகளில் தெய்வத்தைக் குறிக்கும் பொதுச்சொல் அது. சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தில் 1929 முதல் அகழ்ந்தெடுத்த உகாரித்துக் களிமண் ஏடுகளில் தெய்வங்களுக்கெல்லாம் தலைவராகிய மூத்த தெய்வத்தின் தனிப்பெயரும் அதுவே. இஸ்ரவேலர் தங்கள் தேவனையே அந்தச் சொல்லால் அழைத்தார்கள். பெத்தேல் என்றால் ஏலின் வீடு. சாமுவேலின் குடும்பத்துப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் அருமையான மாற்றம் தெரிகிறது. தகப்பனார் எல்க்கானா, 'ஏல் உண்டாக்கினார்' அல்லது 'ஏல் உடைமையாக்கிக் கொண்டார்' என்று பொருள். மகன் சாமுவேல். சாமுவேலின் பிள்ளைகள் இருவரில் மூத்தவன் யோவேல்; 'கர்த்தரே ஏல்' என்று பொருள். இளையவன் அபியா; 'கர்த்தர் என் தகப்பன்' என்று பொருள். பாட்டனின் பெயரில் 'ஏல்' மட்டும். பேரப்பிள்ளைகளின் பெயர்களில் கர்த்தருடைய தனித் திருப்பெயரும் நுழைந்துவிடுகிறது. அவ்வளவு நல்ல பெயர்களைச் சுமந்த அந்த இரண்டு பிள்ளைகளும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள் என்பதையும் வேதம் மறைக்காமல் சொல்கிறது.

சரி, பெயரின் பொருள் 'ஏலின் பெயர்' என்றால், அன்னாள் ஏன் 'கேட்டேன்' என்றாள்? இதற்கு ஒரு சாரார் சொல்லும் விடை, இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுலைப் பற்றியதாக இருந்தது, பிற்காலத்தில் அது சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்பது. 'ஷாஉல்' என்ற வடிவம் கதையில் அப்படியே நிற்பதைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. சவுல் பென்யமீன் கோத்திரத்தான், கீசின் மகன், கிபியாவைச் சேர்ந்தவன். இந்தக் கதையிலோ எப்பிராயீம் மலைநாடும், சீலோவும், ஏலியின் ஆசாரியக் குடும்பமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன; அவற்றை உருவிவிட்டுச் சவுலை உள்ளே வைத்தால் கதையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

எபிரெயக் கதைகளில் பெயருக்குச் சொல்லப்படும் காரணம் இலக்கண ஆராய்ச்சி அன்று என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். நோவாவின் பெயர் இளைப்பாறுதலைக் குறிக்கும் வேரோடு சேர்ந்தது. அவன் தகப்பனோ இவன் நம்மைத் தேற்றுவான் என்று வேறொரு வேரைச் சொல்லிப் பேரிடுகிறான். பாபிலோனியர் தங்கள் நகரத்தின் பெயரைத் 'தெய்வத்தின் வாசல்' என்று புரிந்துகொண்டார்கள். ஆதியாகமம் அதைத் தாறுமாறாக்குதல் என்ற எபிரெயச் சொல்லோடு சேர்க்கிறது. ஒலி ஒத்து வரும் ஒரு சொல்லைப் பிடித்து, அந்தப் பிள்ளை அல்லது அந்த இடம் எதற்காக வந்தது என்று சொல்லுவதே அவர்கள் மரபு. ஆகவே அன்னாள் சொன்னது பெயருக்கு அகராதிப் பொருள் அன்று. தன் பிள்ளை வந்த வழியை அவள் சொல்கிறாள்.

சொல்கிறவள் அன்னாள், எழுதுகிறவரோ இந்த நூல் முழுவதையும் மனத்தில் வைத்து எழுதுகிறார். முதல் அதிகாரத்தில் ஏழு முறை ஒலித்த 'ஷாஅல்' எட்டாம் அதிகாரத்தில் மீண்டும் எழும்புகிறது: ஒரு ராஜா வேண்டும் என்று சாமுவேலிடம் 'கேட்ட' ஜனங்கள் என்று அங்கே வருகிறது. அன்னாள் ஒரு பிள்ளையைக் கேட்டாள், கிடைத்ததும் திருப்பிக் கொடுத்தாள். ஜனங்கள் ஓர் அரசனைக் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தவனின் பெயரே 'கேட்கப்பட்டவன்'. பன்னிரண்டாம் அதிகாரத்தில் சாமுவேல் தம் வயதான காலத்தில், இதோ நீங்கள் கேட்ட ராஜா என்று அவனைச் சுட்டிக்காட்டுகிறார். இருபத்தெட்டாம் அதிகாரத்தில் சவுல் கர்த்தரிடம் கேட்கிறான். மூலத்தில் வினையும் பெயரும் ஒரே வேரில் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ்த் திருப்புதல் அங்கே 'விசாரித்தல்' என்ற சொல்லைப் போட்டிருப்பதால் இந்தத் தொடர்ச்சி நமக்குத் தெரியாமல் போகிறது. கர்த்தர் அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை. அவன் எந்தோரில் குறிசொல்லுகிற பெண்ணிடம் போய், இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். எழும்பி வந்த சாமுவேலும், கர்த்தர் உன்னை விட்டு விலகியிருக்கும்போது நீ என்னிடத்தில் கேட்பானேன் என்கிறார். அங்கும் அதே வினை. கேட்டுப் பெற்ற பிள்ளையில் தொடங்கிய நூல், கேட்டும் பெறாத அரசனில் வந்து முடிகிறது. முதல் அதிகாரத்தில் 'ஷாஉல்' என்ற சொல் தவறி வந்து விழுந்ததென்று இதைக் கண்ட பிறகு என்னால் எண்ண முடியவில்லை. எழுதியவர் அதை அங்கே வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

மற்ற வேராகிய 'ஷாமா'வும் சும்மா இருக்கவில்லை. அது பெயரின் வேர் அன்று. ஆனால் சாமுவேலின் வாழ்க்கைக்கு அதுதான் அடையாளம். சீலோவில் இரவில் படுத்திருந்த சிறுவன், ஏலி கூப்பிடுகிறார் என்று எண்ணி மூன்று முறை எழுந்து ஓடுகிறான், நான்காம் முறை, ஏலி சொல்லிக்கொடுத்தபடி, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். அரசன் வேண்டும் என்று ஜனங்கள் வந்து நின்றபோது, அவர்கள் சொல்லைக் கேள் என்று கர்த்தர் சாமுவேலுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அமலேக்கியரை வென்று வந்த சவுல், சொன்னபடியெல்லாம் செய்தேன் என்னும்போது, அப்படியானால் நான் கேட்கிற ஆடுமாடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் வினவுகிறார். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற புகழ்பெற்ற வாக்கு அதையடுத்து வருகிறது. அந்தக் கீழ்ப்படிதலுக்கு மூலத்தில் உள்ள சொல்லும் 'ஷாமா'தான். பேச்சைக் கேட்பது என்று நாம் சொல்வதும் அதைத்தானே.

கடைசியாக, ஆச்சி கேட்ட 'வேல்' எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எபிரெயத்தில் 'ஷ்முஎல்' என்று, நடுவில் மூச்சைச் சற்று நிறுத்தி, ஒலிப்பார்கள். கிரேக்கத்தில் ஷகர ஒலி இல்லாததால் அது 'சமுவேல்' போல ஆயிற்று. முதலெழுத்தில் உள்ள அகர ஒலியும் கிரேக்கம் வழியாக வந்ததே. தமிழில் 'சாமு' என்பதையும் 'ஏல்' என்பதையும் அப்படியே அடுத்தடுத்து வைக்க முடியாது. இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் உடம்படுமெய் வர வேண்டும். இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரம், ஏனைய உயிர்களின் பின் வகரம் என்பது நன்னூல் சொல்லும் விதி. அந்த விதி எத்தனை சுத்தமாக வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள்: தானி என்பதோடு ஏல் சேர்ந்து தானியேல், எசேக்கி என்பதோடு ஏல் சேர்ந்து எசேக்கியேல், சாமு என்பதோடு ஏல் சேர்ந்து சாமுவேல், யோ என்பதோடு ஏல் சேர்ந்து யோவேல். இப்படி எபிரெயப் பெயர் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறதோ, மிகச் சரியாக அந்த இடத்தில்தான் தமிழ் தன் உடம்படுமெய்யை வைத்திருக்கிறது. அந்த வகரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் தமிழ் எழுத்திலேயே 'ஏல்' தனியாகத் தெரியும்.

இதில் ஆர்வம் உள்ளவர்கள் சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் 1, 3, 8, 15, 28 ஆகிய அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசித்துப் பார்க்கலாம். 'கேள்' என்னும் சொல் வரும் இடங்களில், வேண்டுகிற கேள்விக்கு ஒரு நிறத்திலும் செவிகொடுக்கிற கேள்விக்கு இன்னொரு நிறத்திலும் கோடிட்டுக்கொண்டு போங்கள். 28ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில் உள்ள 'விசாரிக்கும்போது' என்பதையும், 15ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனத்தில் உள்ள 'கீழ்ப்படிதல்' என்பதையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்; முதலாவது 'ஷாஅல்', இரண்டாவது 'ஷாமா'.